புது ஆசிரியர்களுக்கு: கணக்கு மதிப்பீட்டையும் வகுப்பறை நடத்தைப் பதிவையும் ஒரே நோட்டில் முடிப்பது எப்படி

மதுரைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், கணக்குப் பாடம் உங்கள் பொறுப்பு, "சி.சி.இ. (தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு) பதிவேடு எங்கே?" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் இது உங்களுக்குத்தான். பயிற்சிக் காலத்தில் மதிப்பீடு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருப்பீர்கள். ஆனால் முப்பது பிள்ளைகளை எதிரே வைத்துக்கொண்டு எதை, எப்போது, எந்தத் தாளில் எழுதுவது என்று நான் சேர்ந்த புதிதில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. போன வருட நோட்டை நீட்டி, "இதப் பாத்து எழுதிக்கங்க டீச்சர்" என்றதோடு சரி. அந்த நோட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்தை "நன்று", எல்லாருக்கும் கணக்கில் "முன்னேற்றம் தேவை". அதைப் பார்த்து எழுதினால் அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பீரியடில் நடக்கும் சேட்டையில் பெரும்பகுதி, போடச் சொன்ன கணக்கு பிள்ளைக்கு எட்டாததால் வருகிறது. கொஞ்சம், அந்தக் கணக்கு ஏற்கெனவே தெரிந்து சலித்துப்போனதால் வருகிறது. அதனால் நடத்தைப் பதிவையும் கணக்கு நிலையையும் இரண்டு நோட்டுகளில் வைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். இடது பாதி கணக்கு, வலது பாதி நடத்தை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது என்பதுதான்.

1. உங்கள் வகுப்பு எந்தத் திட்டத்தில் வருகிறது என்று முதல் நாளே கேளுங்கள்

அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை என்றால் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டம். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்க வேண்டும். ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும் அதற்கென்றே தனியாக வரும். 6 முதல் 9 வரை எடுத்தால், 2025-26-இல் தொடங்கிய திறன் இயக்கத்தில் அடிப்படைக் கணக்கு தெரியாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் வகுப்பில் யார் யார் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். மெட்ரிக் பள்ளியிலும் சமச்சீர்ப் பாடநூல்தான், ஆனால் பதிவேட்டு முறை நிர்வாகத்துக்கு நிர்வாகம் மாறும். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், அங்கே பதிவேடும் மதிப்பெண் பிரிப்பும் வேறு. கீழே உள்ளதில் நடத்தைப் பகுதி மட்டும் அப்படியே பொருந்தும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்பது பிள்ளையின் நிலை இல்லை. ஒரு பாடத்தில் அந்தப் பிள்ளையின் நிலை. தமிழில் மலரில் இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பில் இருக்கலாம். தமிழ் டீச்சர் போட்ட நிலையைப் பார்த்துக் கணக்குக்கும் அதையே போட்டுவிடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பாடநூல், ஆசிரியர் கையேடு, உங்கள் வகுப்புக்கான கற்றல் விளைவுகள் பட்டியல், எமிஸ் (கல்வித் துறையின் மாணவர், ஆசிரியர் தகவல் தளம்) எண்ணோடு சேர்ந்த மாணவர் பெயர்ப் பட்டியல், போன ஆண்டு மதிப்பெண் பதிவேடு, மாணவர் திரள் பதிவேடு (ஒரு பிள்ளையின் பல வருட விவரமும் சேர்ந்தது). இந்த ஆறும் போதும். பாடநூல் கைக்கு வரத் தாமதமானால் பாடநூல் கழகத்தின் இணையதளத்திலும் எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்) தளத்திலும் பி.டி.எஃப். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

திரள் பதிவேட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்பில் நான்கு மாதம் பள்ளிக்கு வரவில்லை என்பது அதில்தான் தெரியும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு போய் வந்த பிள்ளைக்கு இடமதிப்பு தெரியாமல் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

மதிப்பீட்டைப் பதிவிடும் டி.என்.எஸ்.இ.டி. ஸ்கூல்ஸ் செயலிக்கான உள்நுழைவு எண்ணும் கடவுச்சொல்லும் சேர்ந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். வேறு பள்ளியிலிருந்து மாறுதலில் வந்தவர் என்றால், எமிஸில் உங்கள் பெயர் பழைய பள்ளியிலேயே நின்றுகொண்டிருக்கும். தலைமையாசிரியரிடம் சொல்லி மாற்றவைப்பதற்குள் மதிப்பீட்டுத் தேதி வந்துவிடும். எந்தப் பதிவேடு செயலியில் மட்டும் போதும், எது காகிதத்திலும் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. பாடக்குறிப்பு விஷயமும் அப்படித்தான். பக்கத்துப் பள்ளித் தோழி சொன்னதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

3. கற்றல் விளைவுகளைப் பாடத்தலைப்பாகப் படிக்காதீர்கள்

கற்றல் விளைவு என்பது பிள்ளை செய்து காட்ட வேண்டிய ஒரு செயல். "கழித்தல்" என்பது தலைப்பு. "அன்றாட வாழ்க்கைக் கணக்குகளில் மூன்று இலக்க எண்களைக் கழிப்பார்" என்பது விளைவு. பட்டியலில் எம்.301 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். எம் என்றால் கணக்கு, அடுத்த இலக்கம் வகுப்பு, மீதி வரிசை எண். உங்கள் நோட்டில் குறியீட்டை மட்டும் எழுதினால் எழுதும் நேரம் பாதியாகும்.

தேசிய அளவில் 2017-இல் வந்த பட்டியலை ஒட்டிப் பார்த்தால் ஏணி இப்படிப் போகும். முதல் வகுப்பில் 20 வரையுள்ள எண்களோடு வேலை. இரண்டில் 99 வரை படிக்க, எழுத. மூன்றில் 999 வரை, கூடவே 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகள். நான்கில் இரண்டு, மூன்று இலக்கப் பெருக்கல், வகுத்தல், அப்புறம் அரை, கால், முக்கால். ஐந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்கள், சமான பின்னங்கள்.

இப்போது குழப்பம் எங்கே வருகிறது என்றால், 2021-இல் வந்த நிபுன் பாரத் (மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) இலக்குகளில் முதல் வகுப்பு 99 வரை, இரண்டு 999 வரை, மூன்று 9999 வரை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வகுப்பே தள்ளி நிற்பது போலத் தோன்றும். பயிற்சியில் ஒருவர் ஒரு தாளைக் காட்டுவார், இன்னொருவர் மற்றதைக் காட்டுவார். இரண்டையும் கலந்து எழுதினால் உங்கள் பாடக்குறிப்பு தன்னோடு தானே சண்டை போடும். நம் மாநிலத்தில் மதிப்பீட்டுக் கேள்விகள் நம் பாடநூலையும் கையேட்டையும் ஒட்டித்தான் வருகின்றன. எனவே அந்தப் பருவத்துப் புத்தகத்தில் எண் எதுவரை போகிறதோ அதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றது தெரிந்து வைத்துக்கொள்ள.

எல்லா விளைவுக்கும் சம நேரம் தர வேண்டியதில்லை. தொடக்க வகுப்புப் புத்தகத்தில் வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், பணம், காலம், தகவல் செயலாக்கம் என்று அலகுகள் வரிசையாக இருக்கும். எண்களில் தடுமாறும் பிள்ளை பணத்திலும் காலத்திலும் அளவையிலும் தடுமாறும். அமைப்புகளும் வடிவங்களும் அப்படி இல்லை. எண்ணே தெரியாத பிள்ளைகூடக் கோலத்தில் அடுத்த புள்ளி எங்கே என்று சட்டென்று காட்டும். அந்தப் பிள்ளைக்கு முதல் மதிப்பெண்ணை அங்கே கொடுங்கள்.

நீள அளவைக்கு இங்கே நமக்கு வசதி அதிகம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு மல்லிகைப் பூ கட்டும் வீடு. முழம் போடத் தெரியும். பெரியவர் முழமும் சின்னவர் முழமும் வேறு என்பதும், அதனால் வரும் சண்டையும் தெரியும். சென்டிமீட்டர் ஏன் வேண்டும் என்று அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை.

4. ஒவ்வொரு பிள்ளையோடும் நான்கு நிமிடம்

எழுத்துத் தேர்வு வைத்து நிலை கண்டுபிடிக்க முயலாதீர்கள். பக்கத்தில் பார்த்து எழுதிய விடையும் தெரிந்து எழுதிய விடையும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்து, வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்கு நான்கு நிமிடம் என்றால் முப்பது பேருக்கு இரண்டு மணி நேரம். ஒரே நாளில் முடியாது. மற்றவர்களுக்குப் பயிற்சி நூலில் வேலை கொடுத்துவிட்டு, ஒரு பீரியடுக்கு ஐந்து பேர் என்று பார்த்தால் ஒன்றே கால் வாரத்தில் முடியும்.

மூன்றாம் வகுப்பு என்றால் நான் கேட்பது: ஒரு குத்துப் புளியங்கொட்டையை எண்ணச் சொல்வது, பத்துப் பத்தாக வைக்கிறதா, ஒவ்வொன்றாக எண்ணுகிறதா என்று பார்ப்பது, முந்நூற்று ஐந்து என்று சொல்லி எழுதச் சொல்வது, 52-இலிருந்து 27 கழிக்கச் சொல்வது, "உன்கிட்ட அம்பது ரூபா இருக்கு, பன்னெண்டு ரூபாய்க்குப் பென்சில் வாங்குனா மிச்சம் எவ்வளவு?" என்று ஒரு வாய்க்கணக்கு.

விடை தப்பா சரியா என்பதைவிட எப்படித் தப்பு என்பதை எழுதுங்கள். 305-ஐ 3005 என்று எழுதும் பிள்ளைக்குச் சிக்கல் இடமதிப்பில். 52 − 27 = 35 என்று எழுதும் பிள்ளை பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிட்டது. 7-இலிருந்து 2, 5-இலிருந்து 2. அதே பிள்ளை 204 − 86-க்கு 282 என்று எழுதும். சரியான விடை 118. இது கவனக்குறைவு இல்லை. அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. இருபது கழித்தல் கொடுத்தால் இருபதையும் அதே விதிப்படி தப்பாகப் போடும். "கவனமாப் போடு" என்று சொல்வதில் பயன் இல்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

மேல் வகுப்பிலும் இதே கதைதான். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்பார்கள். மேலேயும் மேலேயும், கீழேயும் கீழேயும் கூட்டியிருப்பார்கள். 0.25 பெரிதா 0.5 பெரிதா என்றால் 25 பெரிது என்பார்கள்.

வாய்க்கணக்கைச் சரியாகச் சொல்லித் தாளில் தப்பாகப் போடும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. கடையில் உட்காரும் பிள்ளை, சந்தைக்குப் போகும் பிள்ளை. "கணக்கு வராது" என்று அவர்களைப் பற்றி எழுதினால் அது பொய். நோட்டில் "வாயால் சரி, எழுத்தில் தடுமாற்றம்" என்று எழுதுங்கள்.

5. நடத்தையைக் கண்ணால் பார்த்தபடி எழுதுவது

சி.சி.இ.யில் பாடம் சாராத பகுதியும் உண்டு. வாழ்க்கைத் திறன்கள், மனப்பான்மையும் மதிப்புகளும், பாட இணைச் செயல்பாடுகள், உடல்நலம், யோகா எல்லாம் அதில் வரும். தரம் போடுவது கடைசி வேலை. அந்தத் தரத்துக்கு ஆதாரம் வேண்டும், அதுதான் இந்த நோட்டின் வலது பாதி.

நாள்தோறும் முப்பது பேரையும் கவனிக்கிறேன் என்று தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஐந்து பேரை மட்டும் எடுங்கள். ஆறு வாரத்தில் முப்பது பேரும் முடிந்துவிடும். ஒரு பருவத்தில் இரண்டு சுற்று வரும். யார் அந்த ஐந்து பேர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

முறை ரொம்ப எளிது. நாற்பது நிமிடப் பீரியடில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பாருங்கள். அந்த நொடியில் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் ஒரு டிக், இல்லையென்றால் ஒரு கோடு. எட்டு முறை பார்ப்பீர்கள். எட்டில் ஆறு டிக் என்றால் அந்தப் பிள்ளை கவனமாக இருக்கிறது. எட்டில் இரண்டு என்றால் ஏதோ இருக்கிறது. தலையில் இருக்கும் எண்ணம் எவ்வளவு தப்பு என்று இதைச் செய்தால்தான் தெரியும். "எப்பப் பாத்தாலும் பேசிக்கிட்டே இருக்கான்" என்று நாம் நினைக்கும் பையனுக்கு ஐந்து டிக் இருக்கும். சத்தமே போடாமல் கடைசி வரிசையில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றுகூட இருக்காது. அமைதியான பிள்ளைகள் எல்லாப் பதிவேட்டிலும் "நன்று" வாங்கித் தப்பிவிடுகிறார்கள், நிஜத்தில் நட்டம் அவர்களுக்குத்தான்.

கோடு அதிகம் விழுந்த பிள்ளைக்கு மட்டும் அடுத்த வாரம் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது. மாதிரிக்கு ஒன்று:

முன்: கரும்பலகையில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு மூன்று எழுதினேன்.
நடந்தது: பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கிச் சன்னல் வழியாகப் போட்டான்.
பின்: வெளியே நிற்கச் சொன்னேன். பீரியட் முடியும்வரை நின்றான்.

இதில் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். வெளியே நின்ற நேரத்தில் அவன் ஒரு கழித்தல் கணக்கும் போடவில்லை. தண்டனை என்று நாம் நினைத்தது அவனுக்கு விடுதலை. நாளைக்கும் கழித்தல் என்றால் நாளைக்கும் பென்சில் பறக்கும். இப்படி மூன்று நான்கு பதிவுகள் சேர்ந்தால், சேட்டை எந்தக் கணக்குக்கு முன்னால் வருகிறது என்று தானே தெரிந்துவிடும். பெருக்கலில் வராது, வடிவியலில் வராது, கழித்தலில் மட்டும் வரும். அப்புறம் நோட்டின் இடது பாதியைப் பாருங்கள்: 52 − 27 = 35.

எழுதக் கூடாத சொற்கள் சில. முரடன், மந்தம், சோம்பேறி, அடங்காப்பிடாரி, "குடும்பச் சூழல் சரியில்லை". இவை எதுவும் கண்ணால் பார்த்தது இல்லை. பதிவேடு நாளைக்குப் பெற்றோர் கையிலோ அதிகாரி கையிலோ போகும் தாள். "10.20 மணிக்கு எழுந்து இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனான்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

அடிக்கும் பேச்சே வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிப்படி ஒழுங்கு நடவடிக்கை. முட்டி போடவைப்பது, வகுப்பின் முன் நிறுத்திக் கேலி செய்வது எல்லாமே இதில் வரும். "நாலு தட்டு தட்டுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். சிரித்துவிட்டு விடுங்கள்.

இன்னொன்று: பிள்ளையின் படத்தையோ நடத்தை பற்றிய ஒரு வரியையோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தலைமையாசிரியரே கேட்டாலும் தனியாக அனுப்புங்கள்.

கவனிக்கும்போது காயம், திடீர்ப் பயம், வீட்டுக்குப் போக மறுப்பது போன்றவை கண்ணில் பட்டால் அது நோட்டில் எழுதி மூடும் விஷயம் இல்லை. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் புகார் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி நம் கடமை. விசாரித்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது.

6. கண்ணும் காதும்

நடத்தைச் சிக்கல் என்று எழுதும் முன் ஒரு சின்னச் சோதனை. பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றி அதே எட்டுப் பார்வையை எடுங்கள். டிக் சட்டென்று கூடினால் கரும்பலகை தெரியாமல் இருந்திருக்கலாம். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடம் இந்தப் பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வரிசையில் நிற்கும் நூறு பேரில் அவர்கள் தானாகக் கண்டுபிடிப்பார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

எழுத்தும் எண்ணும் தலைகீழாக வருவது, எவ்வளவு சொல்லியும் ஐந்துக்குள் கூட்டல் நிற்காதது என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கானவர்) சொல்லுங்கள். மதுரை மாவட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் உண்டு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. 8 வயதுக்கு முன் அதற்குச் சான்று தரமாட்டார்கள், 14 வயதில் மறுபடி பார்க்க வேண்டும். எனவே இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரைச் சான்றுக்காக ஆஸ்பத்திரிக்கு அலையவிடாதீர்கள். பயிற்சியை இப்போதே தொடங்கலாம், சான்றுக்குத்தான் வயது. சிறப்பாசிரியர் வரும்போது உங்கள் நோட்டின் அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தால் அவர் வேலை பாதி குறையும்.

7. மதிப்பெண் போடுவது

வளரறி மதிப்பீடு (பருவத்தின் நடுவில் அவ்வப்போது வைப்பது) 40, தொகுத்தறி மதிப்பீடு (பருவக் கடைசித் தேர்வு) 60, மொத்தம் 100. வளரறி (அ) 20, செயல்பாடுகளுக்கு. வளரறி (ஆ) 20, சிறு தேர்வுகளுக்கு. மொத்தத்தை வைத்துத் தரம்: 91-100 என்றால் ஏ1, 81-90 ஏ2, 71-80 பி1, 61-70 பி2, 51-60 சி1, 41-50 சி2, 33-40 டி, 21-32 இ1, அதற்குக் கீழே இ2.

வளரறி (அ)வுக்குச் சார்ட் ஒட்டிக் கொண்டுவரச் சொல்வது பெரிய வியாதி. அதைச் செய்வது அக்காவோ ஜெராக்ஸ் கடைக்காரரோதான். வகுப்பிலேயே முடியும் செயல்பாடு வையுங்கள். வாரச் சந்தை போல வகுப்பில் நான்கு கடை போட்டு, பொய் நோட்டு கொடுத்து, மிச்சம் வாங்கச் சொன்னால் பணமும் கழித்தலும் ஒரே பீரியடில் மதிப்பிடலாம். அதே நேரம் வரிசையில் நிற்பது, விட்டுக்கொடுப்பது, ஏமாற்றினால் எப்படி நடந்துகொள்கிறது என்று வலது பாதிக்கும் விஷயம் கிடைக்கும். நான் பார்த்தவரை நடத்தைப் பதிவுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

செயலியில் பதிவிடுவதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அன்றைக்கு மாநிலம் முழுக்க எல்லாரும் உள்ளே நுழைவார்கள், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் இல்லாத ஊர்கள் எழுமலை, சேடப்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கின்றன. காகிதத்தில் முதலில் எழுதிவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஏற்றுங்கள். பிள்ளை விடுப்பில் இருந்தால் நாமே விடையைத் தட்டிவிடும் பழக்கமும் இருக்கிறது. அதைச் செய்தால் அடுத்த பருவத்தில் அரும்புப் பிள்ளை மலர் பயிற்சி நூலோடு உட்கார்ந்திருக்கும். விளைவு வலது பாதியில் தெரியும்.

8. பெற்றோரிடம் பேசுவது

நம் பக்கம் பெற்றோர் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். பதினொரு மணிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போச்சு. மாலை ஆறரைக்கு மேல் போன் செய்யுங்கள், அல்லது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது தனியாகப் பேசுங்கள். நோட்டைத் திறந்து, முதலில் பிள்ளை செய்யும் ஒன்றைச் சொல்லுங்கள்.

"ஐயா, உங்க பேத்தி வாய்க்கணக்குல வகுப்புலயே கெட்டி. எழுதுறப்பத்தான் தடுமாறுது. வீட்டுல கடைக்கு அனுப்புறப்ப மிச்சம் எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொண்டாரச் சொல்லுங்க."

"அம்புட்டுதானா டீச்சர்? நான் என்னமோ ஏதோன்னு பயந்துபோயி வந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை வரக்கூடாது. ஊர் சின்னது, சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்கும் போய்விடும்.

9. செலவும் காலமும்

இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று, ஏறத்தாழ நூறு ரூபாய்க்குள். கோடு போட ஒரு நாள் சாயங்காலம். கற்றல் விளைவுகள் பட்டியல் நகல் எடுக்கச் சில பத்து ரூபாய். புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, ரப்பர் பேண்டு வீட்டிலேயே இருக்கும். ஆணிமணிச் சட்டமும் கணித உபகரணப் பெட்டியும் பெரும்பாலும் பள்ளி அலமாரியில் பிரிக்காமலேயே இருக்கும். சாவி யாரிடம் என்று கேளுங்கள். வண்ணச் சார்ட், தெர்மாகோல், லேமினேஷன் என்று சொந்தக் காசைக் கொட்ட வேண்டாம். அலுவலர் பார்வைக்கு அழகாக இருக்கும், பிள்ளைக்கு ஈர்க்குச்சி போதும்.

காலக்கணக்கு இதுதான். ஜூனில் முதல் இரண்டு வாரம் நிலை அறிதல். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஐந்து பேர். ஆகஸ்ட் தொடக்கத்தில் முதல் சுற்று முடியும், செப்டம்பரில் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு முன் இரண்டாம் சுற்றும் முடிந்துவிடும். இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கினாலும் தீபாவளி நடுவில் வந்துவிடும், ஒரு வாரம் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பருவத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு. அந்த வாரமும் அடுத்த வாரமும் வருகையும் இருக்காது, வந்த பிள்ளைகளின் மனமும் வகுப்பில் இருக்காது. அப்போது எடுத்த எட்டுப் பார்வையைத் தரத்துக்குக் கணக்கில் எடுப்பது அநியாயம். வீட்டில் காளை நிற்கும் பையனுக்குப் பூஜ்யம் டிக்தான் வரும். ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். உங்கள் ஊர்த் திருவிழா மாசியிலா பங்குனியிலா என்பதையும் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

10. ஏப்ரலில் கைமாற்றுவது

அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு முழு நோட்டையும் தூக்கிக் கொடுக்காதீர்கள், படிக்க மாட்டார். ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி போதும்: எந்தக் கற்றல் விளைவு வரை வந்திருக்கிறது, எந்தக் கணக்கில் என்ன மாதிரித் தப்பு, எந்த இடத்தில் உட்காரவைத்தால் வேலை செய்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு நான்கு பக்கம் வரும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு நகல் திரள் பதிவேட்டில் சேரட்டும். மூன்று கட்டப் பதிவுகள் உள்ள மூல நோட்டு அலமாரியில் பூட்டி இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம், பழைய பேப்பர்காரருக்கும் போடவேண்டாம், அதில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது.